பட்டனின் பின்பக்கம்

மண்ணரை, திருப்பூர்
3 ஜூன் 2024

அக்காவுக்கு,

சாந்தாமணி எழுதுகிறேன். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்து மூன்று வருடம் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே, அதனால்தான் இந்தக் கடிதம். அங்கிருந்தும் மாற்றலாகிப் போயிருந்தால் இது எனக்கே திரும்பி வந்துவிடும். வந்தாலும் பரவாயில்லை.

சுற்றி வளைக்கவில்லை. எனக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆரம்ப நிலை என்கிறார்கள். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர். வேறெங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை.

மார்ச் மாதமே கைக்குத் தட்டுப்பட்டது. இவரும் நானும் யூனிட் ஆரம்பித்து பதினெட்டு வருடம், அன்றிலிருந்து நான் செக்கிங் டேபிளில்தான் நிற்கிறேன். ஒரு பனியனை எடுத்து உள்ளங்கையை ஓட்டினால் நூல் எங்கே தடித்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அந்தக் கைக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. எங்கள் வேலையில் குறைகளைத் தரம் பிரிப்போம். ஆளைக் காயப்படுத்துவது கிரிட்டிகல். ஓட்டை, அளவு மாறினது எல்லாம் மேஜர். நூல் பிசிறு மாதிரி இருந்தால் மைனர். மைனர் ஒன்றிரண்டு இருந்தால் பாஸ் செய்து பெட்டியில் போட்டுவிடலாம். வலிக்கவில்லை, வெளியே தெரியவில்லை. அதனால் இதை மைனர் என்று பாஸ் செய்தேன். கோடை ஆர்டர் கப்பல் ஏறட்டும் என்று எட்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

கோயமுத்தூரில் டாக்டரம்மா கேட்டார், "உங்க ஊட்டுல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா? அம்மா, அம்மாவப் பெத்த அம்மாயி, யாருக்காச்சும்?"

"இல்லீங்க. அம்மா ஈரல் கெட்டுப்போயி இறந்தாங்க" என்றேன்.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா இருக்கறாங்க."

"அவங்களையும் ஒருக்கா பாத்துக்கச் சொல்லுங்க. கண்டிப்பாச் சொல்லிப்போடுங்க."

அதைச் சொல்லத்தான் எழுதினேன். பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவில்லை.

சாந்தா

*

சம்பல்பூர், ஒடிசா
11 ஜூன் 2024

சாந்தா,

கடிதம் நேற்று வந்தது. நான் இன்னும் இதே ஊரில், இதே பள்ளியில்தான் இருக்கிறேன். கோடை விடுமுறை முடியவில்லை. குடியிருப்பில் மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஐந்து வீட்டுச் சாவி என் ஆணியில் தொங்குகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகாதவள் நான் ஒருத்திதான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. தபால்காரர் உன் கடிதத்தை நீட்டியபோது நான் அடுத்த வீட்டுத் துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். படித்து முடித்தபோது தொட்டி நிரம்பி மண் எல்லாம் வழிந்து போயிருந்தது.

நீ எப்போது என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டாய்? கோபம் இருந்தாலும் அது வேண்டாம்.

எந்த டாக்டர், என்ன ஆபரேஷன், என்றைக்கு? மாப்பிள்ளை கூட வருகிறாரா? ரிப்போர்ட்டில் ஹார்மோன் சோதனைக்கு 'ஈ.ஆர்.', 'பி.ஆர்.' என்று போட்டிருப்பார்கள், அதற்கு எதிரில் என்ன இருக்கிறது என்று எழுது. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால் இவ்வளவு கேட்கிறேன் என்று நினைத்துக்கொள். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் மகள் தேஜஸ்ரீ பெரியவளான சீர் அன்று நடந்ததை நான் மறக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நம் இருவருக்கும் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. தாய்மாமன் சீரை நானே செய்கிறேன் என்று முன்பே கேட்டேன், நீயும் சரி என்றாய். அம்மா பெயர் வெட்டிய அந்தப் பித்தளைத் தாம்பாளத்தில் பட்டும் பூவும் வைத்து மேடை வரைக்கும் வந்தேன். நீ என் கையிலிருந்து தட்டை வாங்கி, பெரியப்பா பையன் தங்கதுரை கையில் கொடுத்தாய். அவன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனான். நான் வெறுங்கையோடு முன்னூறு பேருக்கு நடுவில் நின்றேன். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அன்று தெரியவில்லை. சாப்பிடாமல் ரயில் ஏறினேன்.

எழுதிவிட்டேன். இனி இதைப் பேச மாட்டேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடட்டுமா? வரட்டுமா? கேட்காமல் உரிமையாக வந்து நிற்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.

அம்மாவைப் பற்றி ஒன்று எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கோகிலா

*

மண்ணரை
19 ஜூன் 2024

அக்கா,

போன் வேண்டாம். என் போன் பேக்கிங் டேபிள் மேல்தான் கிடக்கிறது. ஆர்டர் கொடுத்த பையர் கூப்பிடுவான், சாயப்பட்டறைக்காரர் கூப்பிடுவார், யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் எடுத்துப் பேசுவார்கள். உன் குரலைக் கேட்டு நான் அங்கே அழுதால் இருபது பேர் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். எழுத்து தேவலை.

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டும் பாசிட்டிவ். நல்லதுதான், மாத்திரை கேட்கும் என்றார்கள். மார்பு முழுவதையும் எடுக்கப் போவதில்லை. கட்டியையும் அக்குளில் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சு, இங்கே கரண்ட் என்பார்கள், அது பதினைந்து தடவை. ஜூலை எட்டாம் தேதி என்றார்கள். நான் இருபத்திரண்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி கன்டெய்னர் ஏற வேண்டும். திட்டாதே.

சதை எடுத்துப் பார்த்த இடத்தில் அடையாளத்துக்குக் கடுகளவு உலோகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். உடைந்த ஊசியைத் தேடும் நம் யூனிட் மெட்டல் டிடெக்டரில் நான் படுத்துப் போனால் கத்தும். இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. மகுடேஸ்வரன் என்று பெயர் வைத்தவர்கள் வாய் வைக்க மறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறார், ஆனால் காரை விட்டு இறங்குவதில்லை. "பார்க்கிங் கெடைக்காதுங்க, நான் வண்டிலயே இருக்கறன்" என்பார். பயம்.

நேற்று லைனில் ஓர் ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை மெஷினை ஓட்டக் கூடாது. கிடைத்ததை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். முனை மட்டும் கிடைக்கவில்லை. உன் ஒடிசாவிலிருந்து வந்த பெண் பிள்ளை ஒன்று, பத்தொன்பது வயது, அதுதான் உடைத்தது. எழுந்து வந்து தானாகச் சொன்னது. சொன்னதற்கு அவளைப் பாராட்டினேன். மண்டி போட்டு இரண்டு மணி நேரம் தேடிக் கடைசியில் காந்தத்தில் மாட்டியது. எனக்குள்ளேயும் இப்படித்தான் தேடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டு விஷயம். எங்கள் அத்தை, இவர் அம்மா, காதருகில் வந்து, "வாழாம வந்தவ கையில சீரு வாங்கறதா, அந்தப் புள்ள நல்லா இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். மகளைச் சொன்னதும் பயந்துவிட்டேன். அவர் சொன்னார் என்பதற்காக என் கை நீண்டது. அவ்வளவுதான். நியாயம் சொல்லவில்லை.

தேஜுவிடம் சொல்லவில்லை. பிளஸ் டூ. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் இது ஒரு பேச்சாகும். கொழுப்புக் கட்டி என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி என்ன எழுதிக் கிழித்தாய்? கடைசியில் நீதானே கூட இருந்தாய். அம்மாவுக்கு ரொம்ப வலித்ததா?

சாந்தா

*

சம்பல்பூர்
26 ஜூன் 2024

சாந்தா,

கிழித்ததை மறுபடி எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு ஈரலில் தொடங்கவில்லை. மார்பில் தொடங்கியது. இடது மார்பு.

2003 ஐப்பசி. நான் அந்த மனிதரை விட்டு வந்து ஆறு மாதம். பி.எட். படித்துக்கொண்டு அனுப்பர்பாளையம் வீட்டில் அம்மாவோடு இருந்தேன். உனக்கு நிச்சயம் முடிந்திருந்தது, நீ பத்திரிகைக்கு மாதிரி பார்க்கப் போயிருந்தாய். குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடக் கூப்பிட்ட அம்மா என் கையைப் பிடித்து முன்னால் வைத்தார். "இங்க தொட்டுப் பாரு அம்மிணி, கல்லாட்டம் இருக்குது" என்றார். இருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "கண்ணாலம் முடியட்டும்" என்றார். நான் உன்னிடம் சொல்கிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. "மூத்தவ வாழாம வந்து நிக்கறா. ஆத்தாளுக்கும் மாருல நோவுன்னு தெரிஞ்சா சின்னவளை எவன் கட்டுவான்? சின்னவகிட்டச் சொல்லிப்போடாத. என்ற தலைமேல கை வெச்சுச் சொல்லு." ஈரத் தலைமேல் கை வைத்தேன். தை மாதம் உன் கல்யாணம். மாசியில் கோயமுத்தூர் போனோம். அதற்குள் ஈரலுக்குப் போயிருந்தது. நாங்கள் உனக்குச் சொன்னது பொய் இல்லை, பாதி. ஆவணியில் அம்மா போனார். வயது நாற்பத்தெட்டு. ஆமாம் சாந்தா, ரொம்ப வலித்தது.

இதுவரை அம்மாவின் பொறுப்பு என்று நான் தள்ளிவிடலாம். உன் கல்யாணம் முடிந்தது, அம்மா போனார், சத்தியத்துக்கு ஆளே இல்லை. அதற்குப் பிறகும் இருபது வருடம் சொல்லாமல் இருந்தது நான். முதலில் துக்கம், அப்புறம் நீ கர்ப்பம், அப்புறம் இவ்வளவு நாள் கழித்தா சொல்வது என்ற கூச்சம். சீர் அன்றைக்குப் பிறகு கோபம். அந்தக் கோபத்தை நான் வசதியாகப் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பேசாமல் இருந்தால் சொல்லவும் வேண்டாமே.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பாதிதான். முப்பத்தேழு வயதிலிருந்து நான் வருடம் ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்கிறேன். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் தவறியதில்லை. அங்கே அந்தப் பாரத்தில் 'தாய்க்கு இருந்ததா' என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் 'ஆம்' என்று எழுதினேன். முன்பின் தெரியாத நர்ஸுகளிடம் எல்லாம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

நீ டாக்டரிடம் 'இல்லீங்க' என்று சொன்னது என்னால். உடனே போய்த் திருத்திச் சொல். தேதியைத் தள்ளாதே.

கோகிலா

*

மண்ணரை
4 ஜூலை 2024

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மரபணு பார்க்க ரத்தம் எடுத்தார்கள், முடிவு வர வாரக்கணக்கில் ஆகுமாம். ஆபரேஷனைத் தள்ள வேண்டாம் என்று சொன்னதால் பன்னிரண்டாம் தேதி. கன்டெய்னரை இவர் பார்த்துக்கொள்வார்.

வருடா வருடம் போயிருக்கிறாய். பத்து வருடம்.

அந்த ஒடிசாப் பெண்ணுக்கு நம் பாஷைகூடத் தெரியாது. ஊசி உடைந்ததும் எழுந்து வந்து சொன்னாள்.

நீ வர வேண்டாம்.

சாந்தாமணி

*

சம்பல்பூர்
21 ஜூலை 2024

சாந்தா,

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். தையல் பிரித்தார்களா? விரல்களால் சுவரில் மெல்ல ஏறுவது போல ஒரு பயிற்சி சொல்லியிருப்பார்கள். வலித்தாலும் விடாமல் செய்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பள்ளி திறந்துவிட்டது. நான் இடையில் ஒரு வாரம் போகவில்லை, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பியபோது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் "மேம், இளைத்துப் போயிட்டீங்க" என்று இந்தியில் சொன்னார்கள். யாராவது பார்த்துச் சொல்லும்போதுதான் எனக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது தெரிகிறது. பக்கத்து வீட்டுத் துளசி பிழைத்துக்கொண்டது.

எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. வர வேண்டாம் என்றுதான் சொன்னாய். அதனால் எழுதினேன்.

கோகிலா

*

சம்பல்பூர்
9 ஆகஸ்ட் 2024

சாந்தா,

நீ பார்க்கச் சொன்னாய் என்று இந்த வருடத்துப் பரிசோதனையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. இந்த வரியை எழுத வெட்கமாக இருக்கிறது.

கோகிலா

*

மண்ணரை
28 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பிரித்துப் படிக்க நாளாயிற்று.

கட்டியைச் சுற்றி எல்லா ஓரமும் சுத்தம். நெறிக்கட்டியிலும் இல்லை. இன்று எட்டாவது கரண்ட். காலையில் கோயமுத்தூர் போய் மதியம் டேபிளுக்கு வந்துவிடுகிறேன். அந்த அறையில் படுக்க வைத்து, பேனாவால் போட்ட கோடு சரியாக இருக்கிறதா என்று மூன்று பேர் குனிந்து பார்ப்பார்கள். அப்புறம் மூன்று பேரும் வெளியே போய்க் கதவை மூடிவிடுவார்கள். நான் மட்டும் மெஷினோடு. நாலு நிமிஷம்தான். கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். ஊர் முழுக்க என்னைத் தெரிந்தவர்கள், அந்த நாலு நிமிஷத்துக்கு ஒருத்தரும் இல்லை. நீ அங்கே தினமும் இப்படித்தான் இருக்கிறாயா என்று ஒருநாள் நினைத்தேன்.

இப்போது சட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்து போட்டுக்கொள்ள எனக்குத் துணியே இல்லை. ஜாக்கெட் கை இறுக்கம், நைட்டி தலைவழியே போட வேண்டும், கையோ காதுவரைகூட ஏறவில்லை. வீட்டில் பெட்டி பெட்டியாகப் பனியன் கிடக்கிறது. உலகத்துக்கே உடுப்புத் தைக்கிற ஊரில் எனக்குப் போட்டுக்கொள்ள ஒன்று இல்லையே என்று படுத்துக்கொண்டே சிரித்தேன். அன்று மாலை இவர் ஒரு பை கொண்டு வந்தார். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற, தொளதொள என்று மூன்று பருத்திச் சட்டை. உள்ளே, புண்ணில் நீர் வடிகிற ட்யூபைத் தொங்கவிடப் பைகூட இருந்தது.

"ஏதுங்க இது?" என்றேன்.

"கடைல வாங்குனங்க."

"எந்தக் கடைல?"

"அங்கதானுங்க, ஒரு கடைல."

தன் சட்டை அளவே தெரியாத மனிதர். விட்டுவிட்டேன், வலி அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, மடித்து வைக்கும்போது கை தானாகச் சட்டையை உள்புறமாகத் திருப்பியது. பழக்கம். பட்டனுக்குப் பின்பக்கம் முடிச்சே இல்லை. நூலைப் பட்டனுக்கு அடியில் ஏழு சுற்றுச் சுற்றி, துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவே நுழைத்து விட்டிருந்தது. மெஷின் இப்படித் தைக்காது. கடையில் இருக்கிற எந்தத் தையல்காரரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார். "முடிச்சு உள்ள பட்டாத் தோல ஒரசும் அம்மிணி" என்று அம்மா நம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்த தையல். நான் ஆறு சுற்றோடு விட்டுவிடுவேன், நீ ஏழு. பதினெட்டுப் பட்டனையும் எண்ணினேன். எல்லாம் ஏழு.

இவரை நிற்க வைத்துக் கேட்டேன். சொல்லிவிட்டார். "எந்த ஆஸ்பத்திரின்னு எங்கிட்டப் போன்ல கேட்டுட்டு வந்து, ரெண்டு நாளா கீழ கேன்டீன்ல உக்காந்திருந்தாங்க. மேல வாங்கன்னு நானுந்தான் கூப்புட்டேன். 'வர வேண்டாம்னு எழுதியிருக்கறா மாப்ள'ன்னாங்க. தேட்டர்ல இருந்து உன்னய வெளிய கொண்டாந்ததும் கீழ போயிச் சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க. சொல்லக் கூடாதுன்னு கையப் புடிச்சுக் கேட்டாங்க." இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். கல்யாணமாகி இருபது வருடத்தில் இப்போதுதான் பார்த்தேன்.

முடிச்சு தெரியாமல் தைக்க அம்மா உன்னை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார். தையலை மட்டும் பழக்கியிருக்கலாம்.

கோபம் போய்விட்டது என்று எழுதவில்லை. ஆனால் அந்தச் சட்டைதான் போட்டிருக்கிறேன். கரண்ட் வைக்கிற இடத்தில் தோல் கறுத்து எரிகிறது, வேறு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாந்தா

*

மண்ணரை
17 செப்டம்பர் 2024

அக்கா,

நீ பதில் போடவில்லை. இப்போது உன் முறையா?

கரண்ட் முடிந்தது. ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. மரபணு முடிவும் வந்தது. அவர்கள் தேடியது எதுவும் இல்லையாம். அதனால் அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. நீ அன்றே சொல்லியிருந்தாலும் எனக்கு வராமல் இருந்திருக்காது. ஆனால் மார்ச்சில் கைக்குத் தட்டுப்பட்டபோது நான் அதை மைனர் என்று பாஸ் செய்திருக்க மாட்டேன். எட்டு வாரம். ஒன்றும் ஆகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். நீ சொல்லியிருக்க வேண்டும். இதை நான் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், உன் தட்டு மாதிரி. இனிப் பேச மாட்டேன்.

தேஜுவுக்கும் முப்பது வயதிலிருந்தே கவனம் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கொழுப்புக் கட்டி என்று சொல்லியிருப்பதாகச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அம்மா உன்னிடம் கல்யாணம் முடியட்டும் என்றார். நான் இவளிடம் பரீட்சை முடியட்டும் என்கிறேன்.

மூன்று தடவை சொல்ல உட்கார்ந்தேன். "என்னம்மா, ஒரு மாதிரிப் பாக்கறீங்க?" என்கிறாள். "ஒண்ணுமில்லை கண்ணு, சாப்புடு" என்று எழுந்துவிடுகிறேன். நேற்று அவளாகவே கேட்டாள், "பெரியம்மா ஏம்மா வர்றதே இல்ல? நான் என்ன பண்ணுனேன்?" சீர் நாளிலிருந்து, தன்னால்தான் நீ வராமல் போனாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடமாக.

அக்டோபர் பதினொன்று ஆயுத பூஜை. உனக்கும் தசரா விடுமுறைதானே. நீ வா. என் பங்கை நான் சொல்லிவிடுவேன். அம்மா பங்கை நீதான் சொல்ல வேண்டும், எனக்கு அது தெரியாது, நான் அங்கே இல்லை.

பூஜைக்கு மெஷின், கத்தரிக்கோல், இஞ்ச் டேப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, அம்மா தாம்பாளத்தில்தான் சூடம் காட்டுவோம். இந்தத் தடவை அதை நீ காட்டு. எல்லார் முன்னாலும். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "உன்ற இஷ்டம்" என்றார். முகம் சரியில்லை. இருக்கட்டும்.

சாந்தா

*

சம்பல்பூர்
26 செப்டம்பர் 2024

சாந்தா,

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. நீ பதினெட்டுப் பட்டனையும் எண்ணினாய் என்று படித்த பிறகு எனக்கு எழுத வரவில்லை. ஜூன் மாதம் பூட்டிய வீடுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றைத் தைத்தேன். யாராவது ஒருவர் உள்புறம் திருப்பிப் பார்ப்பார் என்று நினைத்துத் தைக்கவில்லை. தைக்கும்போது மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கேன்டீனில் இருந்த இரண்டு நாளும் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் "உங்களுக்கு யாருங்க உள்ள?" என்று கேட்டார்கள். "தங்கச்சி" என்றேன். "மேல போகலீங்களா?" என்றார்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். நான் பொய்க்குப் பழகியவள்தான், நீ சொன்னது சரி.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆலப்புழை வண்டி, எட்டாம் தேதி ஏறுகிறேன், ஒன்றரை நாள். உன் யூனிட்டுக்கு வரும் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஏறுகிற அதே வண்டி. போன தடவை என் பெட்டியில் நான்கு பேர் இருந்தார்கள், முதல்முறை ஊரை விட்டு வருகிறவர்கள். திருப்பூர் வந்ததும் எழுப்பிவிடச் சொன்னார்கள். எழுப்பி இறக்கிவிட்டேன். நானும் அங்கே இறங்க வேண்டியவள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. கோயமுத்தூர் வரை போனேன்.

தாம்பாளத்தை வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று பெருந்தன்மை காட்ட மாட்டேன். அத்தையின் முகத்துக்காக யார் கையிலும் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன். தேஜுவிடம் முதலில் ஒன்று சொல்லிவிடு, நான் வருவதற்கு முன்பே: பெரியம்மா வராமல் இருந்தது அவளால் இல்லை. இதற்கு என்னை எதிர்பார்த்துக் காத்திருக்காதே. இன்றைக்கே சொல்.

மற்றதை நான் சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் உன் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எதையும் விளக்கிவிடுகிறவள் நான். இதைத் தாளில் உனக்கு எழுதினேன், பாரங்களில் 'ஆம்' என்று போட்டேன். வாய்விட்டு முழு வாக்கியமாக யாரிடமும் சொன்னதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

இன்று பள்ளிவிட்டு வந்ததும் கதவைச் சாத்தினேன். நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, அதில் தேஜு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டேன். முதல் தடவை 'உன் அம்மாயிக்கு' என்பதோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் நின்றது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

"தேஜு, உன்ற அம்மாயிக்கு மாருல கட்டி இருந்துச்சு கண்ணு. எனக்குத் தெரியும். நான் உங்கம்மாகிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், சுவர் மெல்லியது, கேட்டிருக்கும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் மெதுவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பத்தாம் தேதி காலையில் வண்டி வரும். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். நானே இறங்கிக்கொள்வேன்.

அக்கா